கோடை விழா மே மாதத்தில்தான் நடக்கணுமா? கரிசல் காட்டிலிருந்து ஒரு கேள்வி

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருக்காது. கோவில்பட்டி வீடுகளில் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும்: "இந்த வருஷமாவது கொடைக்கானல் போயிட்டு வந்துடணும்."

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. காலை பத்து மணிக்கே தார் ரோட்டில் கானல் ஆடுகிறது. ஊரைத் தாண்டினால் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. ஃபேன் ஓடினாலும் அனல்தான் வருகிறது. போனைத் திறந்தால், ஆபீஸ் நண்பர் ஒருவர் பிரையன்ட் பூங்காவில் ஸ்வெட்டர் போட்டு, பூக்களுக்கு நடுவே நின்று சிரிக்கிறார். யாருக்குத்தான் கிளம்பத் தோணாது?

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளை லீவுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறக்கிறான். "அம்மா, இ-பாஸ் போட்டுட்டேன். காருக்கு ஒண்ணு போதும்."

"ஏய்யா, மலை ஏறுறதுக்கும் பாஸா?"

கடந்த சில வருடங்களில் தென்மாவட்டத்தில் பல வீடுகளில் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். கேள்வி எளிமையானது, பதில்தான் கொஞ்சம் சிக்கலானது. ஒரே மாதத்தில், ஒரே மலையில், ஒரே அரசு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மலர்க் கண்காட்சி, கோடை விழா என்று விளம்பரம் கொடுத்து "வாங்க, வாங்க" என்கிறது. அடிவாரத்தில் செக்போஸ்ட் போட்டு, வருகிற வண்டியை எண்ணிக்கொண்டும் இருக்கிறது.

பாஸ் எப்படி வந்தது?

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கூட்டம் தாங்க முடியாத அளவுக்குப் போனதும் விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீலகிரிக்கு சீசனில் ஒரு நாளைக்கு 20,000 வாகனங்கள் வரை வருவதாக நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதைக் கேட்ட நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வு 2024 ஏப்ரலில் இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. மே 7-ம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. இந்த மலைகள் எத்தனை வண்டியைத் தாங்கும் என்பதை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது.

முதல் வருடம் பாஸ் என்பது வெறும் கணக்கெடுப்பு. கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அடுத்த வருடம் நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000. அதற்கு மேல் கிடையாது. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்து போன்ற பொதுப் போக்குவரத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இப்போது காலண்டரைப் பார்க்கலாம். இ-பாஸ் தொடங்கியது 2024 மே 7. ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் 126-வது மலர்க் கண்காட்சி தொடங்கியது மே 10. நடுவில் மூன்றே நாள். அதற்கு அடுத்த வாரம், மே 17-ல் கொடைக்கானலின் 61-வது மலர்க் கண்காட்சி. 2025-லும் அதே கதை. எண்ணிக்கைக்கு வரம்பு விதித்த சீசனிலேயே ஊட்டியில் மே 15-லும் கொடைக்கானலில் மே 24-லும் திறப்பு விழா. இடையில் கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, ஊட்டி ரோஜா பூங்காவில் ரோஜா காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் காட்சி என்று நீலகிரியில் வரிசை கட்டி நடக்கும். எல்லாமே அழகான நிகழ்ச்சிகள்தான். பூக்கள் மேல் யாருக்கும் கோபமில்லை, தேதிதான் உறுத்துகிறது.

கல்யாண வீட்டுப் பந்தியில் இலை தீர்ந்துபோச்சு, வாசலில் ஆள் நின்று "கொஞ்சம் பொறுங்க" என்று கும்பிடுகிறார். உள்ளே மைக்கில் இன்னொருவர் "அனைவரும் சாப்பிட வருக" என்று அழைத்துக்கொண்டிருக்கிறார். அப்படித்தான் இருக்கிறது நிலைமை.

மே எப்படி 'சீசன்' ஆச்சு?

மலைக்கும் மே மாதத்துக்கும் முடிச்சுப் போட்டது நம் ஊர் ஆட்கள் இல்லை. மதுரையில் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் பயந்து 1845-ல் கொடைக்கானலில் பங்களா கட்டினார்கள். அவர்களை டோலியில் வைத்து மலைமேல் தூக்கிப்போனது இங்கிருந்த ஆட்கள்தான் என்பது தனிக்கதை. நீலகிரியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியை உருவாக்கினார். பிறகு அது சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரே ஆனது. கவர்னரும் அதிகாரிகளும் ஃபைல் மூட்டையோடு மலையேறி, வெயில் தணிந்த பிறகு இறங்கினார்கள். 1848-ல் உருவாகத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் முதல் மலர்க் கண்காட்சி நடந்தது 1896-ல். மேலே இருந்த சில நூறு துரைமார்களுக்கும் துரைசானிகளுக்கும் அது பொழுதுபோக்கு. மே மாதத்தில் அவர்கள் அங்கே இருந்தார்கள், அதனால் விழாவும் மே மாதத்தில் நடந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் போனார்கள், தேதி மட்டும் தங்கிவிட்டது. சுற்றுலா வளர வேண்டும், ஆட்கள் வர வேண்டும் என்று இருந்த காலத்தில் அரசு கோடை விழா நடத்தியதில் அர்த்தம் இருந்தது. பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொண்டது. ஆனா இன்றைக்கு மே மாதத்தில் கொடைக்கானலுக்கு ஆள் வரவைக்க விழா எதற்கு? 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்ததும் குணா குகைக்குத் திரண்ட கூட்டம் ஞாபகமிருக்கும். அதற்கு யாரும் விழா எடுக்கவில்லை.

கோடை விழா, கொடை விழா

இங்கே கோவில்பட்டிக்குத் திரும்பி வரலாம். மலையில் நடப்பது கோடை விழா. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் நடப்பது கொடை விழா. எழுத்தில் ஒரு குறில், நெடில்தான் வித்தியாசம். ஆனா தேதி குறிக்கிற விதத்தில் ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

கரிசல் மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, பருத்தி என்று போட்டது தையிலிருந்து வீடு வரும். விளாத்திகுளம் பக்கம் மிளகாய்ப் பழம் பறித்துக் களத்தில் காயப்போட்டு முடிக்கப் பங்குனி ஆகிவிடும். அப்புறம் நிலத்துக்கும் ஓய்வு, ஆளுக்கும் ஓய்வு, கையில் கொஞ்சம் காசு. கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழா, கழுகுமலையில் பங்குனி உத்திரம், அதைத் தொட்டு ஊர் ஊராக அம்மன் கோயில் பொங்கலும் கொடையும். தலைக்கட்டு வரி பிரித்து, முளைப்பாரி போட்டு, வில்லுப்பாட்டு வைத்து, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமென்றால் மாட்டுவண்டிப் பந்தயமும் விட்டு முடிப்பார்கள். திருப்பூர், கோவை, சென்னைக்குப் பிழைக்கப் போனவர்கள் எல்லாரும் அதற்கு வந்துவிடுவார்கள்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லா ஊருக்கும் ஒரே தேதி கிடையாது. பக்கத்து ஊரில் கொடை என்றால் இந்த ஊரில் அடுத்த செவ்வாய்க்குத் தள்ளிவைப்பார்கள். மேளக்காரர் கிடைக்கணும், ரேடியோ செட் கிடைக்கணும், சொந்தபந்தம் ரெண்டு பக்கமும் வரணும். தண்ணி எவ்வளவு இருக்கு, வரி எவ்வளவு சேரும் என்று பார்த்துத்தான் நாள் குறிப்பார்கள். வானம் பொய்த்த வருடத்தில் பேருக்குப் பொங்கல் வைத்து முடித்துக்கொள்வதும் உண்டு. ஊரின் கொள்ளளவு என்ன என்று ஐஐடி வந்து சொல்லும்வரை யாரும் காத்திருப்பதில்லை.

இதே ஊரில் மே மாதத்தில் இன்னொரு விழாவும் உண்டு. செயற்கைப் புல்வெளி மைதானத்தில் நடக்கும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி. நாட்டின் பல பகுதியிலிருந்தும் அணிகள் வரும். 2022 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்ப் பிள்ளைதான். சாயங்காலம் ஆனால் கேலரியில் ஆள் சேர்ந்துவிடும், கடலைமிட்டாய் பொட்டலம் கைமாறும். அந்தக் கடலைமிட்டாய்க்கு 2020-லேயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. கோடை வந்தால் ஊரே மலைக்கு ஓடிவிடுகிறது என்று நினைப்பவர்கள் ஒருமுறை இந்தப் பக்கம் வந்து பார்க்கலாம்.

யாருடைய லீவு?

மே மாதத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் வாதம் பள்ளி விடுமுறை. நியாயமானது. ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வாத்தியார் குடும்பம் செப்டம்பரில் நாலு நாள் லீவு போட முடியாது. அதனால் மே மாதத்தில் மலையை மூடு என்று யாரும் சொல்லக் கூடாது. குடும்பங்கள் போகட்டும், ஏரியில் படகு விடட்டும், பூங்காவைப் பார்க்கட்டும். பூங்கா எங்கேயும் போகாது. அரசு நடத்தும் விழாவை மட்டும் அந்த மாதத்திலிருந்து நகர்த்தினால் என்ன என்பதுதான் கேள்வி.

அந்த 6,000 வண்டியில் எத்தனை பேர் மே மாதத்தில்தான் வர முடியும் என்ற கட்டாயத்தில் வந்தவர்கள்? கல்யாணம் ஆகாத நாலு நண்பர்கள், ஹைப்ரிட் வேலை, எப்போது வேண்டுமானாலும் லீவு எடுக்கலாம். அவர்களும் "ஃப்ளவர் ஷோ நடக்குதுடா" என்று மே மாத வெள்ளிக்கிழமை ராத்திரியில்தான் கிளம்புகிறார்கள். வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னால் வரிசையில் நின்று, சீசன் விலையில் ரூம் போட்டு, திங்கள்கிழமை மீட்டிங்கில் தூங்கி வழிகிறார்கள். இதைப் படிக்கும் பலருக்கு இது தெரிந்த கதையாகத்தான் இருக்கும்.

மறுபக்கம், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழிலாளிக்கு மே மாதம் லீவே கிடையாது. காய்ந்த காற்றும் வெயிலும் இருப்பதால்தான் அந்தத் தொழில் இந்தப் பக்கம் வேர்விட்டது. வெயில் காலம் உற்பத்திக்குத் தோதான காலம், மழை வந்தால்தான் வேலை மந்தம். அவருக்கு நேரம் கிடைக்கும்போது மலையில் விழா முடிந்து பந்தலைப் பிரித்திருப்பார்கள். அப்படியே மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணிந்து கிளம்பினாலும், மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் போய், கொடைக்கானல் பஸ்ஸில் இடம் பிடிக்கணும். பஸ்ஸுக்கு இ-பாஸ் வேண்டாம், சரி. ஆனா பாஸ் வாங்கிய ஆயிரக்கணக்கான கார்களுக்குப் பின்னால் அதே பஸ்தான் நிற்கிறது.

வியாபாரிகள் என்ன சொல்கிறார்கள்?

இ-பாஸை மலையில் இருப்பவர்கள் எல்லாரும் வரவேற்கவில்லை. 2025 ஏப்ரல் 2-ல் நீலகிரியில் கடைகளை அடைத்து வியாபாரிகள் போராட்டம் நடத்தினார்கள். இ-பாஸை ரத்து செய்ய வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. அவர்கள் கோபத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஹோட்டல், டாக்ஸி, ஸ்வெட்டர் கடை, சாக்லேட் கடை, சோளம் சுட்டு விற்பவர் என்று எல்லாருக்கும் இரண்டு மாத வருமானம்தான் வருடத்தை ஓட்டுகிறது. அதில் கை வைத்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் அந்த இரண்டு மாதத்தை நம்பியே ஏன் இருக்க வேண்டியிருக்கிறது? மே மாதத்தில் விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் ரூம் நிரம்பும். வரம்பு இருப்பதால் அதற்கு மேல் ஒரு கார்கூட வராது. அதாவது மே மாத விழா வியாபாரிக்குப் புதிதாக ஒரு வாடிக்கையாளரைக்கூடக் கொண்டுவருவதில்லை. அதே விழாவை ரூம் காலியாகக் கிடக்கும் மாதத்தில் நடத்தினால், வருகிற ஒவ்வொருவரும் கூடுதல் வருமானம். வியாபாரிகள் சங்கங்கள் இ-பாஸை எதிர்ப்பதோடு சேர்த்து இதையும் கேட்கலாம்.

மாற்ற முடியுமா?

முடியாது என்று சொல்ல இரண்டு காரணங்கள் வரும். ஒன்று, செடி. மே மாதத்தில் பூக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி, பல மாதங்களுக்கு முன்பே கட்டம் கட்டமாக நாற்று நடுகிறார்கள். பூங்கா ஊழியர்களின் அந்த உழைப்பு லேசானதில்லை. ஆனால் ஊட்டியில் செப்டம்பர், அக்டோபரை ஒட்டி இரண்டாம் சீசன் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் தாவரவியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் பூ அடுக்குகிறார்கள். செடியைத் தேதிக்குப் பூக்கவைக்கும் வித்தை தோட்டக்கலைத் துறைக்குத் தெரியும், தேதியை மாற்றிக் கொடுக்க வேண்டியது கோட்டையில் இருப்பவர்கள்.

இரண்டாவது, மழை. இது கொஞ்சம் கனமான வாதம். தென்மேற்குப் பருவமழை நீலகிரியை ஜூன், ஜூலையில் புரட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியிலிருந்து கொடைக்கானல் பக்கம் மண்சரிவைக் கொண்டுவரும். நடுவில் கிடைக்கும் இடைவெளியும் முழுசாக உலர்ந்திருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. இருந்தாலும் மே மட்டும் பத்திரமா? 2025 மே கடைசி வாரத்தில் பருவமழை முன்கூட்டியே வந்து நீலகிரிக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள், சுற்றுலாத் தலங்களை மூடினார்கள். ஊட்டி மலர்க் கண்காட்சியின் கடைசி நாட்கள் அவை. ஒவ்வொரு மலைக்கும் அதனதன் மழையைப் பார்த்துத் தனித்தனித் தேதி குறிக்கலாம். ஊட்டிக்குச் சரியானது கொடைக்கானலுக்குச் சரியாக இருக்கணும்னு இல்லை. ஏற்காட்டுக்கு இன்னொன்று.

இதெல்லாம் அரசுக்குப் புதிதும் அல்ல. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவை வருடாவருடம் ஆடி 17, 18-ல் அரசே நடத்துகிறது. ஆகஸ்ட் முதல் வாரம் அது. மே மாதத்தில் இல்லை என்பதால் யாரும் வராமல் இருப்பதில்லை. கோவில்பட்டிக்காரர்களுக்கு இன்னும் பக்கத்து உதாரணம் குற்றாலம். சங்கரன்கோவில் வழியாகப் போனால் இரண்டு மணி நேரம். அங்கே சாரல் விழாவை மே மாதத்தில் நடத்த முடியாது, ஏனென்றால் அருவியில் தண்ணீர் இருக்காது. தென்மேற்குக் காற்று வீசி, மேற்கே மேகம் கூடி, அருவி விழுந்த பிறகுதான், ஜூலை, ஆகஸ்டை ஒட்டி விழா. தேதியை அருவி கொடுக்கிறது, அரசு அறிவிக்கிறது.

கொடைக்கானல், ஊட்டி விழாக்களைச் செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறையை ஒட்டி வைத்துப் பார்க்கலாம். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதலில் ஒரு வருடம் கொடைக்கானல் விழாவை மட்டும் நகர்த்திப் பார்க்கலாம். விழா நாட்களில் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் சிறப்புப் பேருந்து விட்டு, காரை வத்தலகுண்டிலேயே நிறுத்தச் சொல்லிப் பார்க்கலாம். மே மாதத்தில் எத்தனை வண்டி குறைகிறது, செப்டம்பரில் எத்தனை ரூம் நிரம்புகிறது என்று எண்ணுவதற்கு இ-பாஸ் கணக்கே இருக்கிறது. இரண்டு சீசனாக அந்தக் கணக்கைச் சேர்த்து வைத்திருக்கிற அரசு, அதை வைத்துச் செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை இது.

தள்ளிப்போடவும் ரொம்ப நாள் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி கொடைக்கானல் மலையில் கடைசியாக 2018-ல் பூத்தது. அடுத்து 2030. அந்தக் கூட்டம் மே மாதத்தில் வராது. ஆடி, ஆவணி, புரட்டாசியில் வரும். இன்ஸ்டாகிராம் இருக்கிற காலத்தில் வரப்போகும் அந்தக் கூட்டத்துக்கு, மே மாதத்தைத் தவிர வேறு மாதத்தில் விழா நடத்திப் பழகாத ஒரு நிர்வாகம் எப்படித் தயாராகும் என்பதைத் திண்டுக்கல் மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் இப்போதே யோசிக்க ஆரம்பிக்கலாம்.